விமானம் பார்க்க வந்தவர்களிடம் வயர்லெஸ் பேசப் போனோம்

தேவிகுளத்திலிருந்து சித்தூருக்குப் போவது கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போவதுதான். ஆனால் நடுவில் தமிழ்நாடு குறுக்கே கிடக்கிறது. உள்ளே நுழைய ஒரு செக்போஸ்ட், வெளியே வர இன்னொன்று. கையில் துணிப்பை மட்டும் இருந்தால் இரண்டிலும் தூங்கிக்கொண்டே போய்விடலாம். எங்களிடம் இருந்தது ஒரு தேயிலைப் பெட்டி. அதற்குள் வயர்லெஸ்.

எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம். நான் அப்போது தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் டெலிபோன் ஆபரேட்டர். ஆபீஸின் பின்னறையில் உட்கார்ந்து துரை பங்களாவையும் பாக்டரியையும் ஆஸ்பத்திரியையும் ஒயரால் இணைத்துவிடுவது வேலை. வீட்டுக்கு வந்தால் ஒயர் இல்லாமல் பேசுவது பொழுதுபோக்கு. அமெச்சூர் ரேடியோ என்பார்கள். செய்கிறவர்களுக்கு ஹாம் என்று பெயர். அரசாங்கப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக வயர்லெஸ் வைத்துக்கொண்டு, எங்கோ இருக்கும் இன்னொரு ஹாமோடு வாயாலும் பேசலாம், மோர்ஸ் தட்டியும் பேசலாம். என் அப்பா தபாலாபீஸில் தந்தி அடித்தவர். அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அந்தத் தட்டல்தான்.

என் கணவர் சுடலைமுத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வயர்லெஸ்ஸைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அது ஓடும்போது வீட்டு பல்பு மங்கும் என்பதுதான்.

வீட்டுக்குப் பின்னால் மூங்கில் கம்பம் நட்டு ஏரியல் கட்டியிருந்தேன். பாகிஸ்தான் யுத்தம் முடிந்து சில வருடம் ஆகியும் எங்கள் ஊரில் வயர்லெஸ் என்றால் உளவு என்றுதான் நினைப்பு. யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள். மேனேஜரான பெரிய துரை கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் கம்பத்தை இறக்கிவிடச் சொன்னார். வெள்ளைக்காரர் போய் வெகு நாளாகியிருந்தது, இவர் நம்மூர்க்காரர்தான். ஆனாலும் துரை துரைதான். லைசென்ஸைக் காட்டினேன்.

“இது கவர்ன்மென்ட் குடுத்தது. என் எஸ்டேட்ல நான் குடுக்கல” என்றார்.

அந்த வாரம்தான் சித்தூர் ரங்கசாமிக் கவுண்டர் ரேடியோவில் சொன்னார். சித்தூருக்குக் கிழக்கே, எல்லையோரப் பொட்டலில் இரண்டு நாள் விமானப்படைக் காட்சி நடக்கிறது, ஹாம்களுக்கு ஒரு கடை கொடுத்திருக்கிறார்கள், நாலு பேருக்கு நம் பொழுதுபோக்கைச் சொல்லலாம், செட்டோடு வாருங்கள் என்று. எங்கள் துரையும் அந்தக் காட்சிக்கு விருந்தாளியாகப் போகிறார் என்பது டெலிபோன் ஆபரேட்டருக்குத் தெரியாமல் இருக்குமா? சீருடைக்காரர்கள் வந்து பார்க்கிற இடத்தில் என் வயர்லெஸ்ஸைப் பார்த்தால் அவர் மனசு மாறலாம். இந்த நம்பிக்கையில் கிளம்பினேன். கணவர் லீவு கிடைத்த சந்தோஷத்தில் கிளம்பினார்.

முதல் செக்போஸ்டில் சந்தன மரம் தேடுகிறார்கள். வனத்துறைக்காரர் பஸ்ஸில் ஏறி, கணவர் மடியில் இருந்த பெட்டியைக் குனிந்து மோந்து பார்த்தார். சந்தன வாசம் இல்லை. அதில் அவருக்கு வருத்தம். பிறகு பெட்டியில் அச்சடித்திருந்த எஸ்டேட் பெயரைப் பார்த்தார். திருட்டுத் தேயிலையா என்று மலையாளத்தில் கேட்டார். இல்லை என்று திறந்து காட்டினோம். உள்ளே வால்வுகளும் கம்பிச் சுருளும். இது என்ன என்றார்.

“வயர்லெஸ்” என்றார் என் கணவர்.

ரேடியோ என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார். பஸ்ஸை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள். உள்ளே ஒரு மேலதிகாரி, அவருக்கு மேல் ஒருவர். பஸ்ஸிலிருந்தவர்கள் எங்களைத் திட்ட ஆரம்பித்தார்கள். கோழிக்கூடையோடு வந்த ஒரு அம்மா மட்டும் யோசனை சொன்னாள்: “ஏ தாயி, அதைக் கொஞ்சம் பாடவிட்டுக் காட்டேன். விட்டுருவாவ.”

லைசென்ஸை எடுத்து நீட்டினேன். மேலதிகாரி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, என்னைத் தாண்டி என் கணவரைப் பார்த்து, “மிஸ்டர் சண்முகவடிவு?” என்றார்.

“ஆமா சார்” என்றார் இவர்.

பஸ் கிளம்பியது. ஒரு வளைவு தாண்டியது. அப்புறம் கேட்டேன்.

“என் பேரை உங்க பேருன்னு எதுக்குங்க சொன்னீங்க?”

“பஸ்ஸு கெளம்பணுமா, வேண்டாமா?”

உடுமலைப்பேட்டையில் இறங்கியபோது வெயில் முகத்தில் அடித்தது. மலையில் ஸ்வெட்டரோடு கிளம்பியவர்கள் அதைக் கழற்றிப் பெட்டிக்கு மேல் போட்டுக்கொண்டு ஓட்டல் தேடினோம். இட்லி பரவாயில்லை. தேங்காய்ச் சட்னியில் தேங்காயைத் தேட வேண்டியிருந்தது. டீதான் கொடுமை. எங்கள் மலையில் பறித்து, வாட்டி, அரைத்து, சலித்துக் கீழே அனுப்புகிற தூளை இவர்கள் பகல் முழுக்க ஒரே துணியில் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். கணவர் ஒரு வாய் குடித்துவிட்டு, “இது நம்ம ஆஸ்பத்திரி மிக்சர் மாதிரில்லா இருக்கு” என்றார். மிக்சர் கலக்குகிறவரே சொன்ன பிறகு நான் தொடவில்லை.

இரண்டாவது பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. ஸ்டெப்னியும் காற்றில்லாமல் இருந்தது. கண்டக்டர் வேறொரு வண்டியில் தொற்றிக்கொண்டு போய், ஒரு டயரை உருட்டிக்கொண்டு திரும்பும்வரை புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவராக வந்து பெட்டியில் என்ன என்று கேட்டார்கள். நான் முந்திக்கொண்டு “பாத்திரம்” என்று சொல்லிவிட்டேன்.

எல்லையில் இரண்டாவது செக்போஸ்ட். இங்கே அரிசி தேடுகிறார்கள். தமிழ்நாட்டு அரிசி கேரளத்துக்குக் கடத்தப்படுகிற காலம். பெண்கள் வயிற்றில் அரிசியைக் கட்டிக்கொண்டு கர்ப்பிணி என்று போவார்களாம். அதனால் ஒரு போலீஸ்காரர் என் வயிற்றைச் சந்தேகமாகப் பார்த்தார். இன்னொருவர் மூட்டை குத்திப் பார்க்கும் நீளமான குத்தூசியோடு வந்தார்.

“பொட்டிக்குள்ள என்னம்மா?”

“குத்தாதீங்க, கண்ணாடிச் சாமான்” என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் பலகை இடுக்கில் ஊசி இறங்கிவிட்டது. உள்ளே சன்னமாக ஒரு சத்தம். வெளியே இழுத்து, நுனியில் அரிசி ஒட்டவில்லை என்று பார்த்துவிட்டு, “செரி, போங்க” என்றார். அவ்வளவுதான். என் டிரான்ஸ்மிட்டரின் பெரிய வால்வு போய்விட்டது. அழுகை வந்தது. அழுதால் பஸ் நிற்கும் என்ற பயத்தில் அழவில்லை.

சித்தூரில் ரங்கசாமிக் கவுண்டர் ஜீப்போடு காத்திருந்தார். இரண்டு வருடமாக ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தாலும் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. குரலை வைத்து ஆறடி ஆள் ஒருவரை மனசில் வளர்த்து வைத்திருந்தேன். வந்தவர் என் தோள் உயரம்கூட இல்லை. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

“ஏனுங்க அம்மிணி, ஒடம்பு பத்தலீங்களா?” என்று சிரித்தார். வால்வு உடைந்ததைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. “அது கெடக்குதுங்க. ஊட்டுல ஒண்ணு வெச்சிருக்கறனுங்க. மொதல்ல ஏறுங்க, சோறு ஆறிப் போயிரும்.”

கவுண்டர் வீட்டில் அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ள அப்பளம், கடைசியில் கெட்டித் தயிர். மலையில் ரேஷன் அரிசி தின்று பழகிய எங்களுக்கு அது விருந்துதான். கணவர் மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டார். கவுண்டரின் மனைவி மயிலாத்தா பரிமாறிக்கொண்டே என்னை அளந்து பார்த்தார்.

“ராத்திரி முச்சூடும் அந்தப் பொட்டிகூடத்தான் இவருக்குப் பேச்சுங்க. அந்தப் பக்கம் ஒரு பொம்பள பேசுது, சாமானியமானதில்லைம்பாரு. நீங்கதானுங்களா அது?”

“நான்தான் அக்கா.”

“எங்கூடப் பேசுனா மட்டும் இவருக்கு கரண்டு போயிருமுங்க.”

வீட்டுக்குப் பின்னால் நெல் பழுத்துக் கிடந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து வீசுகிற காற்றில் கதிரெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து சாய்ந்து எழுந்தன. மலைக்காற்று குளிரும். இது தள்ளும். நடக்கும்போது சேலையைப் பிடித்துக்கொள்வதே ஒரு வேலையாக இருந்தது. காட்சி முடிந்த மறுநாள் அறுவடைக்கு ஆள் சொல்லியிருப்பதாகக் கவுண்டர் சொன்னார்.

“இந்தக் காத்துல பாரசூட்டுல எறங்குறோம்னு சொல்றாங்க அம்மிணி. மத்தியானத்துக்கு மேல எறங்கீராதீங்க, காத்து எச்சா இருக்குமுன்னு கமிட்டிக்காரங்ககிட்டச் சொன்னனுங்க. நீங்க உங்க ரேடியோவப் பாருங்கன்னுட்டாங்க.”

காட்சித் திடலில் எங்களுக்குக் கொடுத்த இடம் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரக் கூடத்துக்கும் கடலை வறுக்கிறவருக்கும் நடுவில். ஓலைப் பந்தல், ஒரு மேசை, இரண்டு நாற்காலி. கவுண்டர் கொடுத்த வால்வை மாட்டி, அவரும் நானும் செட்டை இணைத்து, இரண்டு பனைகளுக்கு நடுவில் ஏரியல் கட்டி, உள்ளூர்க்காரர் ஒருவரிடம் ஒலிபெருக்கியும் வாடகைக்கு வாங்கி மாட்டினோம். எல்லாம் தயார் என்று நிமிர்ந்தபோது படையின் சிக்னல் பிரிவு அதிகாரி ஒருவர் வந்தார். வடக்கத்தி இளைஞர், நல்ல மரியாதை. இங்கிலீஷில் என் கணவரிடம் சொன்னார்: “மன்னிக்க வேண்டும். விமானங்களோடு நாங்கள் பேசும் அலைவரிசைக்கு இடைஞ்சல் வருமா என்று பார்க்காமல் உங்களை ஒலிபரப்ப விட முடியாது. கேட்கலாம், பேசக் கூடாது.”

ரேடியோவில் பேசலாம் என்று நாலு பேருக்குச் சொல்ல மலையிறங்கி வந்திருக்கிறோம். பேசக் கூடாது. அந்த அதிகாரி சொன்னது நியாயம்தான், அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகமாக வந்தது. நியாயமில்லாமல் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

கூட்டம் வந்தது. பாலக்காடு, பொள்ளாச்சி, இடையில் இருக்கிற கிராமங்கள் எல்லாம் கட்டுச்சோற்றோடு வந்திருந்தன. எங்கள் பந்தலுக்கு வந்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி.

“இதுல சிலோன் வருமுங்களா?”

நான் சொல்வேன்: “இது பாட்டுக் கேக்கறதுக்கு இல்லீங்க. இதுல நாமளே பேசலாம். பரீட்சை எழுதணும், லைசென்ஸ் வாங்கணும்…”

“சரிங்க. சிலோன் வருமுங்களா?”

சிலர் பக்கத்துக் கூடம் என்று நினைத்து வந்து, வெட்கப்பட்டுக்கொண்டு என் கணவரை ஓரமாக அழைத்துப் பேசினார்கள். கம்பவுண்டர் இல்லையா, அவரும் பொறுமையாக விளக்கினார். பக்கத்துக் கூடத்து நர்சம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. மத்தியானத்துக்குள் அவர் பாதி நேரம் அங்கேதான் நின்றார். இங்கே திரும்பி வந்தால் வயர்லெஸ் பற்றிக் கேட்கிறவர்களும் அவரிடம்தான் கேட்டார்கள். நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். என் தலைக்கு மேலே அவரிடம் கேட்கிறார்கள், இது எவ்வளவு தூரம் போகும் என்று. “ரொம்ப தூரம் போகும்” என்பார் இவர். சில பேரிடம் அமெரிக்கா என்றார். ஒருவரிடம் நிலா என்றார்.

கடைசியில் கவுண்டர் தோற்றுவிட்டார். “இனி முடியாதுங்க அம்மிணி” என்று சொல்லிக்கொண்டே சிலோனைத் திருப்பினார். ஒலிபெருக்கியில் பாட்டு வந்ததும் பந்தல் நிரம்பியது. திடலில் அன்றைக்கு எங்கள் கடையில்தான் அதிகக் கூட்டம் என்று கடலைக்காரர் பாராட்டினார். அவருக்கு நல்ல வியாபாரம். ஹாம் ரேடியோ என்றால் என்ன என்று ஒரு ஆளுக்கும் தெரியாது. துரையும் வரவில்லை.

சாயங்காலம் அந்தச் சிக்னல் அதிகாரி திரும்பி வந்தார். சோதித்துப் பார்த்துவிட்டார்களாம், எங்களால் இடைஞ்சல் இல்லையாம், நாளைக்குப் பேசலாமாம். இதையும் என் கணவரிடம்தான் சொன்னார்.

மறுநாள் ஒரு ஏற்பாடு செய்தோம். கவுண்டர் தன் வீட்டில் இருக்கிற செட்டுக்குப் போய்விடுவது, நான் திடலிலிருந்து கூப்பிடுவது. திடலுக்கு மேற்கே ஒரு மைல் தள்ளித்தான் அவர் வீடு. வந்திருப்பவர்கள் கண்ணெதிரே, ஒயரே இல்லாமல், ஒரு குரல் வந்து பேசும். அதற்குப் பிறகும் சிலோன் கேட்டால் கேட்கட்டும் என்று முடிவு செய்தோம்.

துரை வந்தார், மனைவியோடு. நான் எழுந்து நின்றேன். அவர் என் கணவரின் தோளில் தட்டினார்.

“என்ன கம்பவுண்டர், உன் வயர்லெஸ்தானா இது? உன் சம்சாரம் பேர்ல வச்சிருக்கியா?”

இவர் என்னைப் பார்த்தார். நான் முறைத்தேன். “நம்ம வீட்டுதுதான் சார்” என்றார் பொதுவாக.

நான் மைக்கை எடுத்துக் கவுண்டரைக் கூப்பிட்டேன். உடனே அவர் குரல் ஒலிபெருக்கியில் கணீரென்று வந்தது. காலையில் என்ன பலகாரம் என்பதிலிருந்து ஆரம்பித்துக் காற்றைப் பற்றிச் சொன்னார். பந்தலில் இருந்தவர்கள் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். இரண்டு கல்லூரிப் பையன்கள் லைசென்ஸ் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார்கள், அதுவும் என்னிடம். வந்ததற்கு இது போதும் என்று நினைத்தேன். அந்த நிமிஷம் பார்த்து டகோட்டா விமானம் வந்தது. மொத்தப் பந்தலும் வெளியே ஓடியது. துரையும் முதுகைக் காட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

பாரசூட் வீரர்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். குடைகள் விரிந்தன. முன்னால் வந்தவர்கள் திடலுக்குள் இறங்கினார்கள். கடைசிக் குடை மட்டும் இறங்கவில்லை. காற்று அதைப் பிடித்துக்கொண்டது. எங்கள் தலைக்கு மேலே மேற்கே போய், பனைகளுக்கு அப்பால் மறைந்தது. அதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துச் சனம் கைதட்டியது.

நான் மைக் அருகே உட்கார்ந்திருந்தேன். கவுண்டர் குரல் வந்தது.

“அம்மிணி, எங்கூட்டு மேல ஒருத்தரு போறாருங்க. ஐயோ, பனையில அடிச்சு வயல்ல உழுந்துட்டாருங்க. இருங்க.”

அதற்குப் பிறகு வெறும் இரைச்சல். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். பதிலில்லை. பிறகு மயிலாத்தாவின் குரல் வந்தது.

“அம்மிணி, அவரு வயலுக்கு ஓடீட்டாருங்க. இதைத்தான் அமுக்கிப் பேசோணுமுங்களா? அந்தப் பையனுக்கு முழங்காலுக்குக் கீழ மடங்கிக்கிட்டு நிக்குதாமுங்க. நெனவு இருக்குதாம், இந்தியில என்னமோ கத்தறானாம். ஜீப்புல தூக்கிப் போட்டுக் கொண்டாரட்டுமான்னு கேக்கச் சொன்னாருங்க.”

என் கணவர் ஒரே எட்டில் மேசைக்கு வந்துவிட்டார். “தூக்கக் கூடாது” என்று மைக்கைப் பிடித்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

“லைசென்ஸ் இல்லாதவங்க பேசக் கூடாது.”

“ஏட்டி, கால் போயிரும்.”

“நீங்க சொல்லுங்க. நான் சொல்லுதேன்.”

துரை பின்னாலிருந்து, அவனையே பேச விடு என்றார். முடியாது சார் என்றேன். அவரைப் பார்த்து முடியாது என்று நான் சொன்னது அன்றைக்குத்தான்.

கணவர் சொன்னார், நான் சொன்னேன். காலை நேராக்கப் பார்க்கக் கூடாது, எப்படி இருக்கிறதோ அப்படியே கட்ட வேண்டும். பூட்ஸைக் கழற்றக் கூடாது, கயிற்றை மட்டும் தளர்த்த வேண்டும். இரண்டு பக்கமும் பனை மட்டை வைத்து, நடுவில் பழைய சேலையைச் சுருட்டி அண்டை கொடுத்து, தொடையிலிருந்து பாதம் வரைக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். உடைந்த இடத்துக்கு மேல் முடிச்சு விழக் கூடாது. மயிலாத்தா ஜன்னல் வழியாக வயலைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கத்தினார். அங்கேயிருந்து கவுண்டர் கத்துவது எங்களுக்கும் கேட்டது.

“தண்ணி கேக்கறானாமுங்க. மோரு கொண்டுபோய்க் குடுக்கட்டுங்களா?”

“வேண்டாம்னு சொல்லு. ஆபரேஷன் பண்ண வேண்டி வரலாம். உதட்டை மட்டும் நனைக்கச் சொல்லு” என்றார் கணவர். சொன்னேன்.

சிக்னல் அதிகாரி ஓடி வந்தார். அவர்களுடைய ஆம்புலன்ஸ் வண்டி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கிறது. இந்த முறை நேராக என்னிடம் வந்து, எங்கே என்று கேட்டார். நான் மயிலாத்தாவைக் கேட்டேன்.

“சித்தூரு ரோட்டுல வந்து, ரெட்டைப் பனைக்கிட்ட மேக்கால திரும்பச் சொல்லுங்க. எங்க வயல்லதானுங்க கெடக்கறான்.”

ஒலிபெருக்கி ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் யாரும் அதை அணைக்கவில்லை. ரெட்டைப் பனை, மேக்கால, எங்க வயல். திடல் முழுக்கக் கேட்டுவிட்டது. முதலில் சைக்கிள்கள் கிளம்பின. அப்புறம் ஓடக்கூடியவர்கள் எல்லோரும் ஓடினார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். கடலைக்காரர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். என்னிடம் லைசென்ஸ் பற்றிக் கேட்ட இரண்டு பையன்களும் ஓடினார்கள். ரோடு வழியாகப் போனது ஆம்புலன்ஸ் மட்டும்தான். சனம் குறுக்கே போனது.

கொஞ்ச நேரத்தில் கவுண்டரே மைக்குக்கு வந்தார். மூச்சு வாங்கியது.

“அம்மிணி, சனம் வருதுங்க. வரப்பு மேல வரச் சொல்லுங்க. நெல்லுக்குள்ள எறங்காதீங்கன்னு சொல்லுங்க. அம்மிணி, சொல்லுங்க.”

யாரிடம் சொல்வது? பந்தலில் நானும் கணவரும் துரையும் அவர் மனைவியும் பக்கத்துக் கூடத்து நர்சம்மாவும்தான் இருந்தோம். எழுந்து ஒலிபெருக்கியை அணைத்தேன். அணைத்து என்ன பயன்?

வீரரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் போய்விட்டது என்று சேதி வந்தது. கட்டு எப்படி என்று படை டாக்டர் சொன்னதைச் சிக்னல் அதிகாரி வந்து சொன்னார்: அவிழ்க்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்களாம். துரைக்கு அதில் பெருமை. எங்கள் எஸ்டேட் கம்பவுண்டர் என்று அதிகாரியிடம் சொல்லிக்கொண்டார். பிறகு இவர் பக்கம் திரும்பினார்.

“கம்பம் இருக்கட்டும் சுடலைமுத்து. உன் பொறுப்புல வச்சுக்கோ. ஆபீஸ்ல உன் பேர்லயே எழுதிடறேன்.”

வாயைத் திறந்தால் கம்பம் போய்விடும், திறக்காவிட்டால் என் கம்பம் அவர் பெயரில் நிற்கும். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“எம் பேர்ல வேண்டாம் சார்” என்றார் கணவர். “எனக்கு லைசென்ஸ் கெடையாது. இப்பப் பாத்தீகள்ல, பக்கத்துலயே விடல. அவ பேருலயே எழுதுங்க.”

துரை என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “எழுதிக்கலாம்” என்று சொல்லிவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு காருக்குப் போனார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எஸ்டேட்டுக்குத் திரும்பியபோது என் பெயரில்தான் எழுதியிருந்தார். எழுத்துப் பிழையோடு.

மறுநாள் காலையில் வயலைப் பார்க்கப் போனோம். நெல் பாய் விரித்ததுபோல் மண்ணோடு படுத்துக் கிடந்தது. செருப்புத் தடங்கள், கடலைத் தோல், யாரோ தொலைத்த ஒரு சிறு பிள்ளையின் கொலுசு. அறுவடைக்கு வந்த ஆட்கள் படுத்த கதிரைத் தூக்கிப் பிடித்து அறுக்க வேண்டியிருந்ததால் வேலை இரண்டு மடங்கு. நானும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். எனக்கு அறுக்கத் தெரியாது. அறுத்ததைத் தூக்கிக் களத்துக்குக் கொண்டு போனேன். கவுண்டர் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னால்தான் என்று நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பையன் பொழச்சானுங்கல்ல. விடுங்க. பாதியாவது தேறுமுங்க.”

மயிலாத்தா அப்படி விடவில்லை. கதிரை அள்ளிக் கட்டிக்கொண்டே, தன்னைக் கேட்காமல் வயலுக்குள் ஆளை இறக்கிய விமானத்தையும், ஓடி வந்த சனத்தையும், அன்றைக்குப் பார்த்து ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்தவரையும் வரிசையாகத் திட்டினார். பிறகு சட்டென்று என்னிடம் கேட்டார்.

“அந்தப் பரிச்சைக்கு என்ன படிக்கோணுமுங்க?”

“எந்தப் பரீட்சை அக்கா?”

“ரேடியோப் பரிச்சைங்க. நேத்து ஒருக்காப் பேசிப் பாத்தனுங்கல்ல. அப்பிடியொண்ணும் கம்பசூத்திரமில்லீங்க. இவரு இத்தன வருசமா அலட்டிக்கிட்டாரு.”

எட்டாவது வரை படித்தவர். பரீட்சை முழுக்க இங்கிலீஷில். அதைச் சொன்னேன். “அது கெடக்குதுங்க” என்றார். நாங்கள் மலையிலிருந்து இறங்கி வந்து சேர்த்த ஒரே ஆள் அவர்தான். கவுண்டர் வரப்பிலிருந்து திரும்பிப் பார்த்தார். காட்சி ஆரம்பித்ததிலிருந்து அவர் முகத்தில் நான் பார்த்த கவலைகளில் அதுதான் பெரியது.

அன்று மத்தியானம் பொள்ளாச்சி பஸ்ஸில் கணவர் பெட்டியை மடியில் ஏற்றிக்கொண்டார். பிறகு கேட்டார்.

“அந்தம்மா பேசுனப்ப நீ ஒண்ணும் சொல்லலையே. அவுகளுக்கு மட்டும் லைசென்ஸ் இருந்துதாக்கும்?”

“அவுக ஒரு மைல் தள்ளி இருந்தாங்க. என்ன செய்ய?”

“பக்கத்துல இருந்திருந்தா?”

யோசித்துப் பார்த்தேன். கவுண்டர் ஓடிவிட்டார், ஆள் விழுந்து கிடக்கிறான், மைக்கைப் பிடிக்க ஒரு கை. யாருடைய கையாக இருந்தால் என்ன? அதை இவரிடம் சொன்னால் மனசு நோகும்.

“தட்டித்தான் விட்டிருப்பேன்” என்றேன்.

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு, தலையைக் கம்பியில் சாய்த்துத் தூங்கிப்போனார்.